கருப்பசாமி முன் வாசிக்கப்படாத பட்டியல்

சித்திரைத் திருவிழாவுக்காக அழகர் மதுரைக்குப் புறப்படும்போது பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியின் முன் பல்லக்கு நிற்கும். அழகர் அணிந்து செல்லும் நகைகளின் பட்டியல் அங்கே வாசிக்கப்படும். திருவிழா முடிந்து மலைக்குத் திரும்பியதும் கருப்பசாமியின் முன்னிலையிலேயே அந்தக் கணக்கு ஒப்பிடப்படும். கூட்டத்தின் ஆரவாரத்தில் இந்த வாசிப்பைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு பொருள் தன் இடத்தை விட்டு வெளியே போகிறதென்றால், அது எங்கிருந்து போகிறது, எந்த நிலையில் போகிறது, யார் அதற்குச் சாட்சி என்பதையெல்லாம் உரக்கச் சொல்லிவிட்டு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சாட்சியாக நிற்கும் கருப்பசாமியே இடம்பெயர்ந்து வந்தவர்தான். மலையாள தேசத்து மன்னன் ஒருவன் அழகரின் ஆற்றலைக் கவர்ந்து வர மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரை அனுப்பினான். அவர்களுக்குக் காவலாக வந்த தெய்வம் அழகரிடம் மனம் பறிகொடுத்து இங்கேயே தங்கிவிட்டது என்பது ஊர்க்கதை. தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் இத்தகைய வழக்குகளையெல்லாம் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம்மைக் கவர்வது ஒரு சிறு செய்தி. கருப்பன் இங்கே காவலனாகி எத்தனையோ தலைமுறைகள் ஆனபின்னும், அவன் மலையாளத்திலிருந்து வந்தவன் என்பதை மக்கள் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. வந்த இடத்தில் முழு உரிமை பெற்றவன், வந்த வழியின் பெயரையும் உடன் வைத்துக்கொண்டிருக்கிறான்.

தெய்வத்துக்கும் நகைக்கும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கும் நாம், உயிருள்ள விலங்குகள் கைமாறி வரும்போது அதே கணக்கை வைத்திருக்கிறோமா? இந்தக் கேள்வியை நம்முன் வைத்தது, சற்றும் எதிர்பாராத ஓரிடம்: பிள்ளைகளின் கையிலிருந்த ஒரு வீடியோ விளையாட்டு.

போக்கிமான் என்னும் அந்த விளையாட்டு 1996இல் ஜப்பானில் 'கேம் பாய்' என்ற கைக்கருவிக்காக வெளிவந்தது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்பவரின் கற்பனையில் உருவானது அது. காட்டிலும் ஆற்றங்கரையிலும் அலைந்து கற்பனை உயிரிகளைப் பிடித்து வளர்ப்பதுதான் ஆட்டம். ஆனால் எல்லா உயிரிகளும் ஒருவருக்கே கிடைத்துவிடாது. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, நண்பரிடம் இருப்பதை வாங்கி, நம்மிடம் இருப்பதைக் கொடுத்தாக வேண்டும். பண்டமாற்று அந்த விளையாட்டின் உயிர்நாடி.

இங்கேதான் அதை வடிவமைத்தவர்கள் ஒரு நுட்பமான முடிவை எடுத்தார்கள். ஒவ்வோர் உயிரியோடும் அதை முதலில் பிடித்தவரின் பெயரும் அவருக்குரிய எண்ணும் சேர்ந்தே பயணம் செய்யும். அது பத்துக் கைகள் மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. பிடித்தவர் அதற்குச் செல்லப்பெயர் சூட்டியிருந்தால் அதுவும் மாறாது. விளையாட்டுக்குள் பெயர் மாற்றித் தருவதற்கென்றே ஒரு பாத்திரம் உண்டு. வேறொருவர் பிடித்த உயிரியைக் கொண்டுபோய் நின்றால், அவர் மாற்றித் தர மறுத்துவிடுவார். 2019இல் வந்த பதிப்பில்தான் இந்த விதி சற்றுத் தளர்ந்தது. அப்போதும், முன்னவர் பெயரே சூட்டாமல் விட்டிருந்தால் மட்டும் புதியவர் ஒன்று சூட்டலாம். முன்னவர் சூட்டிய பெயரின் மேல் கை வைக்க முடியாது.

பதிவு காலப்போக்கில் விரிந்தது. 2000இல் ஜப்பானில் வந்த 'கிரிஸ்டல்' பதிப்பில், எந்த இடத்தில், எந்தப் பொழுதில், எந்த வளர்ச்சி நிலையில் அந்த உயிரி பிடிபட்டது என்பதும் சேர்ந்தது. 2013 முதல், எந்தத் தலைமுறை விளையாட்டில் தோன்றியது என்பதைக் காட்டும் சிறு முத்திரையும் வந்தது. 2020இல் தொடங்கிய 'போக்கிமான் ஹோம்' என்ற சேமிப்பகம் பல விளையாட்டுகளின் உயிரிகளை ஒரே இடத்தில் வைக்கிறது. அவற்றின் பக்கங்களில் இந்த விவரங்களைப் படிக்கும்போது ஒரு புலம்பெயர்வு ஆவணத்தைப் படிப்பது போலவே இருக்கிறது.

இன்னொரு விதி இதைவிடச் சிந்திக்க வைப்பது. பிறரிடமிருந்து வந்த உயிரி, நாமே பிடித்ததைக் காட்டிலும் விரைவாக அனுபவம் பெற்று வளரும். ஆனால் நமக்குப் போதிய தகுதி வந்திராவிட்டால், அது நம் சொல்லைக் கேளாது. களத்தில் தூங்கும், சொன்னதை விட்டு வேறொன்றைச் செய்யும். இடம்பெயர்ந்து வந்த ஒன்றுக்கு ஒரு கடந்த காலம் இருக்கிறது, அதன் மேல் உரிமை கொண்டாடப் புதியவர் தம் தகுதியை நிறுவ வேண்டும் என்பதை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி விதியாக்கி வைத்திருக்கிறார்கள்.

விளையாட்டுப் பொம்மைக்கு இவ்வளவு யோசனையா என்று சிரிப்பவர்கள் நம் கல்வெட்டுகளை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். கோவிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுத்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏராளம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அங்கே அடிக்கடி காணும் கணக்கு. கொடுத்தவர் பெயர், அவர் ஊர், ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் எல்லாம் கல்லில் இருக்கும். அந்த ஆடுகளுக்கு வழங்கிய பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு ஒன்று செத்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும். எண்ணிக்கை குறையக் கூடாது. எனவே கணக்கில் அந்த ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை.

சாவா மூவா என்ற சொல் இந்த விளையாட்டின் உயிரிகளுக்கும் அப்படியே பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கல்வெட்டு கொடையாளியை நினைவில் வைத்தது. தனி ஓர் ஆட்டை நினைவில் வைக்கவில்லை. வைக்கவேண்டிய தேவையும் அன்று இல்லை. மந்தைக்கு எண் போதும். ஆனால் எண்ணால் மட்டும் கணக்கு வைக்க முடியாத விலங்குகள் உண்டு. அறுபது எழுபது ஆண்டுகள் வாழ்ந்து, தாயையும் பாகனையும் நினைவில் வைத்திருக்கும் யானையை மந்தைக் கணக்கில் எழுத முடியாது.

யானை என்று வந்ததும் அழகருக்கு வரும் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகர் வைகையில் இறங்குவதற்கு முந்தைய இரவு, தல்லாகுளம் பெருமாள் கோவிலில் அவருக்குச் சாற்றப்படும் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அது. மதுரையில் பூவுக்கா பஞ்சம்? அந்த மாலையின் மதிப்பெல்லாம் அது இதற்கு முன் யார் தோளில் இருந்தது என்பதில்தான் இருக்கிறது. முன்னவர் பெயரை நீக்கிவிட்டால் அது வெறும் பூச்சரம்.

அந்த மாலை புறப்படும் ஊரின் யானைதான் ஜெயமால்யதா. அசாமில் அதற்கு ஜாய்மாலா என்று பெயர். 2021 பிப்ரவரியில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் நடந்த கோவில் யானைகள் புத்துணர்வு முகாமில் அந்த யானை அடிக்கப்படும் காணொளி வெளியாகி, நாடு முழுவதும் பேசப்பட்டது. 2022இல் அசாம் அரசு அதைத் திருப்பிக் கேட்டது. குத்தகையாகக் கொடுக்கப்பட்டதே தவிர உரிமையாகக் கொடுக்கப்படவில்லை என்பது அங்குள்ளோரின் வாதம். யானை நலமாக இருக்கிறது, திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்பது நம் தரப்பு. அசாமிலிருந்து ஒரு குழு நேரில் வந்தது. வழக்கு குவாஹாட்டி உயர்நீதிமன்றம் வரை சென்றது.

யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. நம் கவனம் பெயரில் நிற்கிறது. ஜாய்மாலா என்பது ஜெயமாலை, வெற்றி மாலை. மால்யதா என்றால் மாலை தந்தவள். ஆண்டாள் கதையைத் தெலுங்கில் பாடிய கிருஷ்ணதேவராயரின் காவியம் 'ஆமுக்தமால்யதா'. புதிய பெயரைச் சூட்டியவர் யாராயினும், பழைய பெயரின் ஓசையையும் மாலையையும் விடாமல், புதிய ஊரின் ஆண்டாளையும் சேர்த்துக்கொண்டு அழகாகச் செய்திருக்கிறார். மொழிபெயர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் இது ஒரு தற்செயலான நற்பேறு. பார்வதி, ஆண்டாள், தெய்வானை என்று நம் கோவில் யானைகளுக்குத் தாயார் பெயரையும் அம்மன் பெயரையும் சூட்டுவதே பொது வழக்கம். அழகர்கோவில் யானைக்கும் தாயாரின் பெயரே: சுந்தரவல்லி. அன்பும் பக்தியும் கலந்த வழக்கம் இது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் புதிய பெயர் சூட்டிய கணத்தில் யானைக்கு அதற்குமுன் வேறு வாழ்வே இருந்ததில்லை என்பது போலாகிவிடுகிறது. யானையிடம் ஆசி வாங்க வரும் நாம் அதன் பெயரைக் கேட்கிறோம், வயதைக் கேட்கிறோம். பழைய பெயர் என்ன என்று கேட்பதில்லை.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி யானை வைத்திருப்பவருக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அப்படிச் சான்றிதழ் உள்ள விலங்கை விற்கவோ வணிக நோக்கில் கைமாற்றவோ கூடாது. அதன்பின் 'நன்கொடை', 'குத்தகை' என்ற சொற்களுக்கு இத்துறையில் புதிய எடை கூடியது. 2022இல் வந்த திருத்தம், சான்றிதழ் உள்ள யானையைச் சமயத் தேவைக்காகவோ பிறவற்றுக்காகவோ மாற்ற வழி திறந்தது. 2024 மார்ச்சில் வெளியான விதிகள், யானையின் மரபணு விவரம் ஒன்றிய அமைச்சகத்தின் மின்னணுப் பதிவில் ஏறியிருந்தால்தான் மாற்றத்துக்கு அனுமதி என்கின்றன. தோலுக்கடியில் சில்லு வைப்பதும் நடைமுறையில் இருக்கிறது.

இவையெல்லாம் தேவையே. ஆனால் இந்தப் பதிவுகள் கேட்கும் கேள்வி 'இது யாருடையது?' என்பது. விளையாட்டின் பதிவு கேட்கும் கேள்வி 'இது எங்கிருந்து வந்தது, யாரோடு இருந்தது?' என்பது. முதற்கேள்விக்கு விடை கைமாறும்போதெல்லாம் மாறும். இரண்டாம் கேள்வியின் விடை மாறக்கூடாதது. நம் ஆவணங்கள் முதலாவதைத் திருத்தி எழுதும் வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்து அழித்துவிடுகின்றன என்பதே நம் முறையீடு.

இது வெறும் ஏக்கத்தின் பாற்பட்டதன்று. யானை கற்ற கட்டளைச் சொற்கள் அது பழகிய நிலத்தின் மொழியில் இருக்கும். நட, நில், படு என்பதை அசாமில் கேட்டுப் பழகிய யானைக்கு, மூவாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து புதிய பாகனின் வாயிலிருந்து விழும் சொற்கள் வெறும் சத்தமே. சொன்னதைச் செய்யவில்லை என்று ஓங்கப்படும் கோலுக்குப் பின்னால், பல சமயம் ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறைதான் இருக்கக்கூடும். பழைய பாகன் எந்தச் சொல்லால் அழைத்தான், எந்தக் கால் நோயுற்றிருந்தது, எதைக் கண்டால் மிரளும் என்ற நான்கு வரிகள் உடன் வந்திருந்தால் யானைக்கும் நல்லது. பாகனின் உயிருக்கும் நல்லது. கோவில் யானைகளால் பாகன்கள் மாண்ட செய்திகளை அவ்வப்போது படித்துவிட்டு, மதம் பிடித்தது என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

விளையாட்டை முன்மாதிரியாகக் காட்டிவிட்டு, அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. 2006இல் வந்த 'டைமண்ட்', 'பேர்ல்' பதிப்புகளுக்குப் பழைய உயிரிகளைக் கொண்டுவர 'பால் பார்க்' என்றொரு பூங்காவை அமைத்தார்கள். அதன் வழியாக நுழைந்ததும், உயிரி முதலில் பிடிபட்ட காட்டின் பெயர் அழிந்து, பூங்காவின் பெயரே பிடிபட்ட இடமாகப் பதிவாகும். எந்தப் பிரதேசத்தது என்ற பொதுக்குறிப்பு மட்டும் எஞ்சும். புதிய பெட்டியில் பழைய விவரத்துக்கு இடம் ஒதுக்காததன் விளைவு. நம் கோவில் பதிவேடுகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

இன்னொரு குறை இதைவிடக் கடுமையானது. 2013இல் வந்த அந்த நீல ஐங்கோண முத்திரை, அடுத்த ஆண்டே அதிகாரபூர்வப் போட்டிகளின் நுழைவுச்சீட்டு ஆனது. முத்திரை இல்லாத உயிரிகள், அதாவது பழைய விளையாட்டுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை, அப்போது போட்டிக்குள் வரமுடியவில்லை. ஏமாற்றி உருவாக்கியவற்றைத் தடுப்பது போன்ற காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் பிறப்பிடக் குறிப்பு ஒரு கணத்தில் வாயிற்காவலாக மாறிவிடும் என்பதற்கு அது உதாரணம். பிறப்பிடத்தைக் கேட்டு மனிதரை வெளியே நிறுத்தும் கலையில் நாம் யாருக்கும் சளைத்தவர்களல்லர் என்பதால், இந்த எச்சரிக்கை நமக்கு மிகவும் தேவை. பூர்விகம் கேட்பது பரிவுக்காகவா, விலக்குவதற்காகவா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கருப்பசாமி விஷயத்தில் நம் முன்னோர் தெளிவாக இருந்தார்கள். மலையாளத்தான் என்று சொன்னார்கள்; சொல்லிக்கொண்டே காவலையும் அவனிடம் ஒப்படைத்தார்கள்.

பரிவோடு வைக்கப்பட்ட பதிவு என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பியக் காட்டெருது ஒரு சான்று. முதல் உலகப்போரின் இறுதியிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் காடுகளில் அந்த இனம் அற்றுப்போனது. விலங்குக்காட்சிச் சாலைகளிலும் தனியார் பண்ணைகளிலும் எஞ்சியவற்றைத் தேடித்தேடிக் கணக்கெடுத்து, 1932இல் ஒரு வம்சாவளிப் பதிவேட்டை வெளியிட்டார்கள். பன்னிரண்டே விலங்குகளின் வழிவந்தவைதாம் இன்று போலந்துக் காடுகளிலும் பிற நாடுகளிலும் திரியும் ஆயிரக்கணக்கான காட்டெருதுகள். அந்தப் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு: போலந்தில் பிறந்த கன்றின் பெயர் 'போ' என்ற ஒலியில் தொடங்கும். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் பெயரின் முதல் அசையில் பிறந்த நாடு இருக்கும். ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்ததால் ஓர் இனம் மீண்டது.

இலக்கியம் படிப்பவர்களான நமக்கு இந்தச் செய்தி புதிதாக இருக்க நியாயமில்லை. பாட்டின் கீழே இன்னாரை இன்னார் பாடியது என்ற குறிப்பு இல்லாவிட்டால் புறநானூற்றின் வரலாற்றில் பாதி நமக்கு இல்லை. அந்தக் குறிப்பு தொலைந்த இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்குக் குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார் இருக்கிறார். பாட்டு நிலைத்தது; பாடியவர் பெயர் தொலைந்தது; பாட்டிலிருந்த ஒரு தொடரையே எடுத்து அவருக்குப் பெயராக்க வேண்டியதாயிற்று. நாம் அதை அழகு என்று வகுப்பில் சொல்கிறோம். அழகுதான். ஆனால் அதன் அடியில் ஓர் இழப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உ.வே.சா. தமக்குக் கிடைத்த ஏடுகள் எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தன என்பதை முன்னுரைகளில் குறித்து வைத்தது அந்த இழப்பின் வலியை அறிந்தவர் என்பதால்தான். ஓர் ஏட்டுக்குக் கொடுத்த அந்த மரியாதையை ஓர் யானைக்குக் கொடுக்கக் கூடாதா?

நாம் கேட்பது பெரிய காரியம் அன்று. யானைக்கொட்டிலின் வாசலில் ஒரு பலகை. அதில் இப்போதைய பெயர், அதன் கீழே முன்னைய பெயர், பிறந்த காடோ ஊரோ, தந்தவர், வந்த ஆண்டு, பழகிய கட்டளை மொழி, இதுவரை பார்த்துக்கொண்ட பாகன்களின் பெயர்கள். புதிய வரி சேரலாம்; பழைய வரியை யாரும் அழிக்கக் கூடாது. இதை ஒவ்வொரு கோவிலும் தானே செய்யலாம். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. விளையாட்டு நிறுவனமும் தேவையில்லை.

நகைப் பட்டியல் வாசிக்கும் வழக்கமும், வாசிப்பதைக் கேட்கும் காவல் தெய்வமும் அழகர்கோவிலுக்கு ஏற்கெனவே உண்டு. தானே வழிதூரம் கடந்து வந்தவன் என்பதால் கருப்பசாமி இன்னொரு பட்டியலையும் பொறுமையாகக் கேட்பான் என்றே நம்புகிறோம். அடுத்த சித்திரையில் மலைக்குப் போகிறவர்கள், யானையின் முன் நிற்கும்போது பாகனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதன் பழைய பெயர் என்ன?